பூட்டச் சொன்னார்கள், ரூபா ஏன் என்றாள்

காணிப்பாக்கம் பிள்ளையார் துணை

சித்தூர்
18-6-2006

அன்புள்ள மகன் ரமணாவுக்கு, உன் நைனா ரங்கையா மனம் நிறைய ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, மருமகள் ரூபா, குழந்தை சிவசங்கரி நாலு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை, மாடிப்படி மட்டும் ஏற முடியவில்லை. மாம்பழ சீசன் நடந்துகொண்டிருக்கிறது, கூழ் ஃபேக்டரி வாசலில் லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, ஊர் முழுக்கப் புளித்த மாம்பழ வாசனை. கங்காதர நெல்லூர் நிலத்தில் போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது, ஒரு மழை பெய்தால் வேர்க்கடலை போடலாம் என்று இருக்கிறேன். குழந்தையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாயிற்று, வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஸ்கூலில் இங்கிலீஷ் என்று மூன்றையும் கலந்து பேசுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது உங்கம்மாவிடம், ரூபாவுக்கு ஆபீசில் ஏதோ சண்டையாமே, நாலு பேர் நாலு விதமா பேசறாங்களாமே, அந்த வேலையே வேணாம், வீட்ல நிம்மதியா இருக்கச் சொல்லு என்றாயாம். உனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசினால் கார்டு தீர்வதற்குள் சொல்லி முடிக்க முடியாது, ரூபாவோ தன்னைப் பற்றித் தானே சொல்லமாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி, படித்த பிறகு உன் முடிவைச் சொல்லு.

நீ போன பிறகுதான் அவள் இந்த வேலையில் சேர்ந்தாள், அவள் வேலை செய்வதை நீ கண்ணால் பார்த்ததில்லை. காலையில் சமையல் முடித்து, குழந்தையை அனுப்பிவிட்டு, நீ வாங்கி வைத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. அதை மிதித்தால் அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிப் பேசுவது காதில் விழும், காலை எடுத்தால் நின்றுவிடும். அதைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்து திருப்பதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இவளைப் போல வீட்டிலிருந்தே செய்யும் பெண்கள் சித்தூர், திருச்சானூர், சந்திரகிரி என்று நாற்பது பேருக்குக் கிட்ட இருப்பார்கள். முதல் மாதம் ரூபா சாப்பிட உட்கார்ந்தால் முகம் வாடியிருக்கும், என்னம்மா என்று கேட்டால், யாரோ ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டியாம் மாமா, பேர் சொல்லக்கூடாது என்பாள். ஒரு நாளும் யார் பெயரையும் சொன்னதில்லை, எங்கேயோ இருக்கும் அந்த ஊரை நாம் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொன்னதில்லை.

ஏப்ரல் மாதக் கடைசியில் திருப்பதி ஆபீசிலிருந்து எல்லோருக்கும் ஓர் உத்தரவு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஃபயர்வால் போட வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் ஒரே ஒரு கம்பெனியின் ஃபயர்வாலை அவரவர் கைக்காசில் வாங்கிப் போட வேண்டும், அதோடு அவர்கள் அனுப்பும் இன்னொரு ப்ரோக்ராமையும் போட வேண்டும், ஏதாவது ரிப்பேர் என்றால் ஆபீசில் உட்கார்ந்தபடியே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்ய அது வேண்டுமாம். உங்கம்மா ஃபயர்வால் என்ற பேச்சைக் கேட்டதும் அடுப்பை விட்டு ஓடி வந்து, நெருப்பு எங்கடி புடிச்சிது என்று கேட்டாள். ரூபா சிரித்துவிட்டு, நெருப்பு இல்ல அத்தே, வெளியிலேர்ந்து எவனும் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நுழையாம ஒரு காவல் என்றாள். எனக்கு அது உடனே புரிந்தது, எங்கள் டெலிபோன் டிபார்ட்மெண்டில் போனுக்கு எஸ்டிடி லாக் போடுவோமே, அந்த மாதிரி, எது போகலாம் எது வரலாம் என்று நாம் சொல்லி வைப்பது. நல்லதுதானேம்மா, போட்டுடு என்றேன்.

அவளும் போடத்தான் உட்கார்ந்தாள். அந்த உத்தரவை வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். ஃபயர்வாலைப் போட்ட பிறகு அதில் ஒரு வழியை மட்டும் திறந்து வைக்க வேண்டும், அந்த ப்ரோக்ராமுக்கு எல்லோரும் இந்தப் பாஸ்வேர்டைத்தான் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். நாற்பது வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, மாமா, இது கதவப் பூட்டச் சொல்லிட்டு பின்பக்கம் சன்னலத் தொறந்து வெக்கற மாதிரி கீது, அதுவும் ஆபீசுக்கு மட்டும் தொறந்தா பரவால்ல, யாரு வேணாலும் வரலாம்னு தொறக்கச் சொல்றாங்க என்றாள். எனக்கு என்ன தெரியும், பெரிய ஆபீஸ், பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள், நாம் எதற்குப் பேச வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் அவள் திருப்பதி மேனேஜருக்குப் போன் செய்தாள். அவர் பெயர் சிட்டிபாபு, தெலுங்குக்காரர், கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். ரூபா மரியாதையாக, எந்துகண்டி சார் என்று ஆரம்பித்தாள், ஏன் சார் இப்படி என்று. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு ஏன், அந்த வழியை எல்லோருக்கும் திறந்து வைப்பது ஏன், கம்ப்யூட்டரிலேயே ஏற்கெனவே ஒரு ஃபயர்வால் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வேறு ஒன்றை வாங்குவது ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர், ஹைதராபாத் ஹெட் ஆபீஸ் ரூல் அம்மா, ரூலுக்கு ஏன் எதுக்கு எல்லாம் கிடையாது, திங்கட்கிழமைக்குள் போடாதவர்களுக்கு ஃபைல் வராது என்று சொல்லி வைத்துவிட்டார். ரூபா திங்கட்கிழமை வரைக்கும் போடவில்லை. டாக்டர்கள் பேசிய ஃபைல் வருவது நின்றுவிட்டது.

ரமணா, அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு வந்தது. உன் தாத்தா கூலிக்குப் போன காலத்தில் விடியற்காலையில் நிலத்துக்காரர் வந்து மேற்குக் காட்டுக்குப் போ என்றால் போவார், கிழக்கே போ என்றால் போவார், நிலம் அவருடையது இல்லை, ஏன் என்ற வார்த்தைக்கு அங்கே இடமும் இல்லை. நான் டிபார்ட்மெண்டில் சேர்ந்து கம்பம் ஏறினேன், இடி மின்னலில் ஏறச் சொன்னாலும் ஏறினேன். நம் வீட்டில் மேலே இருப்பவர்களைப் பார்த்து ஏன் என்று கேட்ட முதல் ஆள் உன் பெண்டாட்டிதான்.

ஃபைல் இல்லாத நாட்களில் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆபீசைக் குறை சொன்னால் மட்டும் போதாது, எது சரின்னு எனக்குத் தெரியணும் இல்ல மாமா என்று சொல்லிவிட்டு, இலவசமாகப் போட்டுப் பார்க்கக் கிடைக்கிற ஃபயர்வால்களை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக நம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். ஆபீஸ் சொன்னதைப் போட்டதும் நம்முடைய பழைய மிஷின் மூச்சு வாங்கியது, பழைய ஃபைல் ஒன்றைப் போட்டு மிதியை மிதித்தால் டாக்டர் குரல் திக்கித் திக்கி வந்தது. அடுத்ததாகப் போட்ட ஒன்று, இது உள்ளே வரலாமா, அது வெளியே போகலாமா என்று நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்டது. உங்கம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது இன்னாடி, வாசப்படில நிக்கற மாமியார் மாதிரி கேட்டுக்கினே கீது என்றாள், ரூபா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் பிராட்பேண்ட் பெட்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தாள். அந்தப் பெட்டியையே ஒரு விதமாக மாற்றி வைத்தால் வெளியில் இருப்பவர்கள் கண்ணுக்கு நம் கம்ப்யூட்டர் இருப்பதே தெரியாதாம், அதோடு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபயர்வாலையும் போட்டுவிட்டால் நம்மைப் போன்ற வீட்டுக்குப் போதுமானது, வேகமும் குறையாது. மாற்றும்போது லைனே போய்விட்டது, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சந்திரனிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன், மீதி எல்லாம் அவள்தான். எல்லாம் நல்லபடி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, எது எதைச் சோதித்தாள், எதில் என்ன குறை, தன் யோசனை என்ன என்று பணிவாக மேனேஜருக்கு எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை.

இதற்குள் மற்ற பெண்கள் ஆபீஸ் சொன்னபடி போட்டுவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வேலை போனால் என்ன செய்வார்கள். மிட்டூரில் இருக்கிறாளே சந்திரம்மா, ரூபாவோடு ட்ரெய்னிங் எடுத்தவள், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிறவள், அவளும் போட்டிருந்தாள். ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள், முகத்தில் ரத்தமே இல்லை. ரூபா, என் கம்ப்யூட்டர் தானா ஆடுது, அம்புக்குறி தானா நகருது, நான் அடிச்சு வெச்ச ரிப்போர்ட்ட எல்லாம் யாரோ ஒண்ணொண்ணா தொறந்து பாத்துக்கினு இருக்காங்க, ஆபீசுக்குப் போன் பண்ணினா நாங்க யாரும் உள்ள வரலன்றாங்க என்றாள். ரூபா வேறு எதுவும் கேட்கவில்லை, ஒயரப் புடுங்கிட்டு வந்தியா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் இருவரும் அதே ஆட்டோவில் ஓடினார்கள், பிடுங்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார்கள்.

சந்திரம்மா ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யார்கிட்டயும் சொல்லாதடி, என் மேலதான் பழி வரும், புள்ளைங்க துன்ற சோத்துல மண்ணு விழும் என்று அழுதாளாம். ரூபா அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து, உட்கார வைத்து, சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். சந்திரம்மா, அந்த ரிப்போர்ட்ல கீறது யாரோ ஒரு பொம்பளையோட நோவு, அவ புருஷன்கிட்டகூடச் சொல்லாதத டாக்டர்கிட்ட சொல்லியிருப்பா, அத எவனோ ஒருத்தன் ஒக்காந்து படிச்சிக்கினு இருக்கான், நாளைக்கு இன்னொரு வீட்லயும் படிப்பான், நீ வா, நான் பேசறேன், ஒன் பேரு வராம பாத்துக்கறேன் என்றாள். மறுநாள் காலை நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன்.

திருப்பதி ஆபீசில் சிட்டிபாபு எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார், இந்த அம்மா சண்டைக்கு ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்தார் போல. நான் அவளாக இருந்திருந்தால், நான் அப்பவே சொன்னேனே சார் என்றுதான் முதலில் சொல்லியிருப்பேன். நம் ரூபா அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. சார், மொதல்ல எல்லா வீட்டுக்கும் போன் போட்டு அந்த ப்ரோக்ராம நிறுத்தச் சொல்லுங்க, யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம் என்றாள். நடந்ததைச் சொன்னாள், ஒரு வீட்டில் என்றாளே தவிர யார் வீடு என்று சொல்லவில்லை. அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. உடனே ஆபீசில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு போன் கொடுத்தார், ரூபாவும் ஒரு போனை எடுத்துக்கொண்டாள். தெலுங்கில் சிலருக்கு, தமிழில் சிலருக்கு, எதை எங்கே அமுக்க வேண்டும் என்று பதறாமல் சொல்லிக்கொண்டே போனாள். எல்லா வீட்டிலும் நிறுத்தியான பிறகு சிட்டிபாபு நாற்காலியில் சாய்ந்து, மேலேயிருந்து வந்ததை நான் அப்படியே அனுப்பினேன் அம்மா, நானும் ஏன் என்று கேட்கவில்லை என்றார். பெரிய மனசு வேண்டும் அதைச் சொல்ல.

அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன், ரூபா எழவில்லை. அமெரிக்காவில் அந்த ஆஸ்பத்திரிக்கு நாம சொல்லணும் இல்ல சார் என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சொன்னால் காண்ட்ராக்ட் போய்விடும், நாற்பது குடும்பம், உன் குடும்பமும் அதில் இருக்கிறது என்றார். ரூபா, அந்தப் பயம் எனக்கும் கீது சார், ஆனா அந்த நோயாளிங்க ரிப்போர்ட்ட ஒருத்தன் பாத்துட்டான்னு அவங்களுக்கே தெரியாம நாம மட்டும் தெரிஞ்சிக்கினு எப்படி சார் இருக்கறது என்றாள். அப்போது அதுவரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்ற சந்திரம்மா முன்னால் வந்து, என் வீட்லதான் சார் நடந்துச்சி, என் பேரப் போட்டே எழுதுங்க என்றாள். ரூபா திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். சிட்டிபாபு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி அமெரிக்காவுக்கு எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். அமெரிக்காக்காரர்கள் ஃபைல் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், எல்லோருக்கும் வேலை இல்லை. உனக்கு வந்த செய்தி அந்த நாட்களில் புறப்பட்டதாகத்தான் இருக்கும். சில பெண்கள் போன் செய்து, உன் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா, எங்க பொழப்புல ஏன் மண்ணப் போட்ட என்று திட்டினார்கள், கடைத்தெருவில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ரூபா, அவங்களுக்கு அவங்க கஷ்டம் மாமா என்பாள். இட்லிக்கு மாவு அரைத்தாள், குழந்தைக்குப் பாடம் சொன்னாள், மத்தியானத்தில் மூடிக்கிடக்கும் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்தாள். உங்கம்மா வாயாடி, உனக்குத் தெரியும், ஆனால் அந்த நாட்களில் ரூபா தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி நெய் விடுவாள், அவ்வளவுதான், ஒன்றும் பேசமாட்டாள்.

ஜூன் பிறந்து முதல் வாரத்தில் அங்கிருந்து பதில் வந்தது. நிறைய கேள்வி கேட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் பதில் போயிற்று. சம்பந்தப்பட்ட நோயாளிகளுக்குத் தாங்களே தெரிவிப்பதாகவும், நீங்களாகவே வந்து மறைக்காமல் சொன்னதால் வேலையைத் தொடர்ந்து கொடுப்பதாகவும், ஆனால் இனி எந்த வீட்டிலும் அப்படி ஒரு வழி திறந்திருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்களாம். ஹைதராபாத் ஆபீஸ் பழைய உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டது. புதிய உத்தரவை எழுதச் சொல்லி சிட்டிபாபு ரூபாவையே கேட்டார். அவள் எழுதியதை நான் வாங்கிப் பார்த்தேன். கையில் காசு போட்டு எதையும் வாங்க வேண்டியதில்லை, இருப்பதை எப்படிச் சரியாக வைப்பது என்று இருந்தது, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று இருந்தது. ஒவ்வொரு விதிக்கும் கீழே அது ஏன் என்று இரண்டு வரி. இதுக்கு அப்புறம் யாரும் ஏன்னு கேக்க பயப்படக்கூடாது மாமா, அதான் நானே எழுதிட்டேன் என்றாள். நான் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். சந்திரம்மா வேலையும் நிலைத்தது, அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திட்டியவர்களில் சிலரே தங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைச் சேலைத்துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாள். உங்கம்மா எல்லோருக்கும் தோதாபுரி மாங்காயில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தாள், ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. இன்னொரு செய்தி, திருப்பதி ஆபீசில் இந்தப் பாதுகாப்பு வேலையைப் பார்க்க வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன், அவள் வாயால் நீ கேட்க வேண்டிய விஷயம். வேலையே வேணாம் என்று நீ உங்கம்மாவிடம் சொன்னதை நாங்கள் அவள் காதில் போடவில்லை, நீயும் சொன்னதாக வைத்துக்கொள்ளாதே. நம் பிள்ளை கட்டிவந்த பெண் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது மிட்டூர் பக்கம் போனால், ரூபாவின் மாமனார் வருகிறார் என்கிறார்கள், எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கப்பல் பட்டறையில் உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டாமல் ஏறாதே, யார் அவசரப்படுத்தினாலும் சரி. தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. உனக்கும் உன் அறையில் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் காணிப்பாக்கத்தான் துணை இருக்கட்டும், போன இடத்தில் பேர் எடுத்து நூறு வயசுக்கு நன்றாக இரு. உங்கம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், குழந்தை முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

ஒன்று மறக்காதே. நேற்று மழை வருமா என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்று ரூபாவிடம் பாஸ்வேர்டு கேட்டேன். அவள் எழுந்து வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று தானே டைப் அடித்துத் திறந்து கொடுத்துவிட்டு, மன்னிச்சிக்கோங்க மாமா, உங்களுக்கும் சொல்லக்கூடாது என்றாள். உனக்கும் சொல்லமாட்டாளாம். போனில் கேட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அன்பு நைனா
கு. ரங்கையா